ஏழாம் நிலையத்துக்கு அரைமணி நேரம்

அலுவலகத்தில் அவரை எல்லோரும் பிங் என்றுதான் கூப்பிட்டார்கள். நெட்வொர்க் வரவில்லை என்று யார் வந்து நின்றாலும், தலையை நிமிர்த்தாமலே அவர் கேட்கும் முதல் கேள்வி "பிங் பண்ணிப் பாத்தீங்களா?" என்பதுதான். பிங் ஒரு கட்டளை. ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றிடம் 'இருக்கிறாயா' என்று கேட்கும். அது 'இருக்கிறேன்' என்று சொல்லும். அதற்கு மேல் இரண்டும் பேசிக்கொள்ள எதுவும் இல்லை. பதினெட்டு வருஷம் இதையே கேட்டுக் கேட்டு, வீட்டில் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் மிஞ்சியிருந்தது.

ஊருக்குக் குடிநீர் வழங்கும் அலுவலகம் அது. வெளியே ஏழு பம்பு நிலையங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பழைய கம்ப்யூட்டர், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸில் ஓடுவது. மேல்தொட்டியில் எவ்வளவு தண்ணீர், எந்தப் பம்பு ஓடுகிறது என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை தலைமை அலுவலகத்துக்கு அது சொல்லிக்கொண்டிருக்கும். அந்த ஏழையும் தன் மேஜையிலிருந்தே நெட்வொர்க் வழியாக நுழைந்து பார்த்துக்கொள்வது பிங்கின் வேலை. ஒழுங்காகச் செய்தால் அப்படி ஒருவர் இருப்பதே யாருக்கும் தெரியாது. அவர் ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தார்.

குடியிருப்பது தம்பி வீட்டு மாடியில் ஓர் அறை. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, ஏன் என்று கேட்டுக்கொண்டிருந்தவர்களும் கேட்பதை நிறுத்திப் பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. கீழே தம்பியும் தம்பி மனைவியும் இரண்டு பெண்களும் பேசுவது தரை வழியாக மேலே வரும். சிரிப்பு தெரியும், வார்த்தை பிரியாது. "மாமா, சாப்பாடு வச்சிட்டேன்" என்று தம்பி மனைவி படியடியிலிருந்தே குரல் கொடுப்பார். வைஃபை நின்றால்தான் யாராவது படியேறி வருவார்கள். "பெரியப்பா, நெட் போயிடுச்சு" என்று சின்னவள் வாசலில் நிற்பாள். இறங்கிப்போய்ச் சரிசெய்ய இரண்டு நிமிஷம் ஆகும். "தேங்க்ஸ் பெரியப்பா" என்று அவள் போனுக்குள் போய்விடுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாடியிலிருந்தபடியே அதை நிறுத்திப் பார்த்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியதற்கே கூசிப்போய், அன்று முழுக்கத் துணி துவைத்தார்.

ஏழாம் நிலையம் நாற்பது கிலோமீட்டர் தள்ளி, ஏரிக் கரையில் இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன் அங்கே இடி விழுந்து, கம்ப்யூட்டரின் நெட்வொர்க் முனை கருகிப்போனது. போய்வர ஜீப் கிடைக்கவில்லை. பிங் கடையில் ஒரு மலிவான நெட்வொர்க் கார்டு வாங்கிப் பார்சலில் அனுப்பிவிட்டு, நிலையத்துக்குப் போன் போட்டார். எடுத்தது பம்பு ஆபரேட்டர், ஓர் அம்மா.

"திறந்துட்டேன் சார். உள்ள ஒரே தூசி. பல்லி முட்டை வேற இருக்கு."

"முட்டை இருந்துட்டுப் போகட்டும். ஓரமா நீளமா ஒரு பள்ளம் தெரியுதா?"

"மூணு பள்ளம் இருக்கு சார். நான் எதுல விழணும்?"

பிங் சிரித்துவிட்டார். பக்கத்து மேஜையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். அந்தச் சத்தத்தை அவர் அதற்கு முன் கேட்டதில்லை.

"ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்கக் கூடாது" என்றது போன். "பிங் சார் போன் பண்ணுவார்னு ஆபீஸ்ல சொன்னாங்க. வீட்ல வச்ச பேரா அது?"

"ஆபீஸ்ல வச்சது."

"அப்ப சரி. வீட்ல வச்சிருந்தா பாவமேன்னு நெனச்சேன்."

கார்டு பொருந்திவிட்டது, அதோடு வேலை முடியவில்லை. ஒரு கார்டை எப்படி இயக்குவது என்று லினக்ஸுக்குச் சொல்ல ஒரு சிறு புரோகிராம் வேண்டும். அதற்கு டிரைவர் என்று பெயர். மற்ற ஆறு நிலையங்களின் கார்டுகளுக்கு டிரைவர், லினக்ஸின் உயிர்நாடியான கர்னலுக்குள்ளேயே இருந்தது. இந்த மலிவுக் கார்டுக்கு இல்லை. தேடி எடுத்து, அந்தக் கம்ப்யூட்டருக்குப் புரியும் வடிவத்துக்கு அதிலேயே மாற்ற, அதாவது கம்பைல் பண்ண வேண்டியிருந்தது. அதுவும் ஒரு கர்னலுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. அடுத்த கர்னலுக்குச் சேராது. மாதத்துக்கு ஒருமுறையோ இரண்டு மாதத்துக்கு ஒருமுறையோ புதிய பதிப்பு வந்து கர்னல் மாறும்போதெல்லாம் டிரைவரை மறுபடி கம்பைல் பண்ணி, கம்ப்யூட்டரை நிறுத்தி எழுப்ப வேண்டும். எழும்போது கார்டு எழாவிட்டால், வெளியிலிருந்து உள்ளே நுழைய வேறு வழியே கிடையாது. உட்கார்ந்த கிளையை வெட்டிய கதையாகிவிடும். ஆகவே யாராவது அங்கே பக்கத்தில் நின்று, திரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

எல்லாம் முடிய அரைமணி நேரம் ஆகும். அந்த அரைமணி நேரத்தில் ஆபரேட்டரம்மா பேசிக்கொண்டிருப்பார். வால்வுக் குழியில் பாம்பு வந்தது, ஒன்றாம் பம்பின் பேரிங் முனகுவது, மகள் கணக்கில் தோற்று அடுத்த தடவை எழுபது வாங்கியது, உயர் அதிகாரி வந்தபோது நாற்காலி உடைந்து அவர் உட்கார்ந்தபடியே தரைக்கு வந்தது. பிங் 'ம்' கொட்டுவார். போனை வைத்ததும் அந்த நாள் முழுவதும் கொஞ்சம் லேசாக இருக்கும். ஏன் என்று அவர் ஆராய்ந்து பார்த்ததில்லை. சிலவற்றை ஆராயாமல் விட்டால்தான் அவை நிலைக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இன்னொன்றும் தெரிந்திருந்தது. கர்னல் மாறும்போதெல்லாம் இந்த மாதிரி டிரைவரைத் தானாகவே கம்பைல் பண்ணிவைக்க ஓர் ஏற்பாடு லினக்ஸில் உண்டு. ஒருமுறை பதிந்து வைத்தால் போதும், பத்து நிமிஷ வேலை. யாரும் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை. முதல் வருஷம், நேரமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இரண்டாம் வருஷத்திலிருந்து எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை பொறியாளர் கூப்பிட்டனுப்பினார். அறைக்குள் ஏற்கெனவே நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். முந்தின நாள் பாதி ஊருக்குத் தண்ணீர் வரவில்லை. ஏழாம் நிலையத்தின் மேல்தொட்டி காலியாகிவிட்டது. இங்கே திரையிலோ எண்பத்திரண்டு சதவீதம் என்று அசையாமல் நின்றது. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வந்த கடைசிக் கணக்கு அது. அதற்குப் பின் ஏழிலிருந்து ஒன்றுமே வரவில்லை. திரை பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருந்தது. குன்றின் மேலிருக்கும் தொட்டி ஆபரேட்டரின் கண்ணுக்குத் தெரியாது. தலைமை அலுவலகத்துத் திரையறையிலிருந்து போன் வந்தால்தான் பம்பைப் போடுவது வழக்கம். தொட்டி நிறைந்திருப்பதாக நினைத்து யாரும் போன் பண்ணவில்லை.

"அந்தம்மா மிஷினை ஆஃப் பண்ணிட்டு வீட்டுக்குக் கிளம்பிடுச்சு" என்றார் பொறியாளர். "ஆஃப் பண்ணேன்னு அதுவே ஒத்துக்குது."

"கரண்ட் போனா பேட்டரி தீர்றதுக்குள்ள ஒழுங்கா ஆஃப் பண்ணச் சொன்னது நான்தான் சார்."

"திரும்பப் போடச் சொன்னியா, இல்லையா?"

"சொன்னேன்."

"போட்டிருந்தா ஏன் வரலை? மிஷின் நல்லா இருக்கு, ஆள்தான் சரியில்லைன்னு எழுதிக் கொடு. வியாழக்கிழமை விசாரணை. பதினோரு வருஷமா தற்காலிகம், இந்த வருஷம் நிரந்தரமாகிற லிஸ்ட்ல வேற இருக்கு. இந்தக் கரும்புள்ளி போதும், வீட்டுக்கு அனுப்பிடலாம்."

"டிரைவர் பிரச்சனையா இருக்கலாம் சார். நேர்ல பாக்கணும்."

"டிரைவர் இல்லேன்னா பஸ்ல போய்யா. ஜீப்பு எனக்கு வேணும்."

நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். பிங் பஸ்ஸில் போனார்.

இறங்கி, ஏரிக் கரையில் இருபது நிமிஷம் நடக்க வேண்டியிருந்தது. ஆறு வருஷமாகக் குரலை மட்டும் கேட்டு அவர் மனதுக்குள் கட்டி வைத்திருந்த ஆள் வேறு. கதவைத் திறந்தவர் வேறு. உயரமாக, நரைத்த முடியை இறுக்கிக் கட்டி, இடுப்பில் சாவிக்கொத்தோடு நின்றார். முகத்தில் தூக்கமில்லை.

"வாங்க சார். என்ன எழுதப் போறீங்க?"

வணக்கம் சொல்ல வாயெடுத்த பிங், அதை விழுங்கிக்கொண்டார். "முதல்ல பாத்துடறேம்மா."

"பாருங்க. மூணு இருபதுக்குக் கரண்ட் வந்துச்சு, போட்டேன். விசிறி சுத்துது, கார்டுல பச்சை லைட்டும் எரியுது. உள்ள என்ன ஓடுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? கரண்ட் போய் வந்ததைச் சொல்ல ஆபீசுக்கு சனிக்கிழமை போன் பண்ணேன், நீங்க லீவுன்னாங்க. வச்சிட்டேன்."

மிஷின் அறை குளியலறை அளவுதான் இருந்தது. சுவரில் தொங்கிய போனின் ஒயர் குட்டையானது. ஆணியில் மாட்டிய பம்புக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில், பிங் எழுத்தெழுத்தாகச் சொன்ன கட்டளைகள் பென்சிலில் இருந்தன. நாற்காலி போட இடமில்லை. பிங் திரையைப் போட்டு, நின்றபடியே கீபோர்டைத் தட்டினார்.

கம்ப்யூட்டர் நன்றாகவே ஓடியது. நெட்வொர்க் முனைகளைக் கேட்டார். தனக்குத்தானே பேசிக்கொள்ளும் உள்முனை ஒன்றைத் தவிர வேறெதுவும் இல்லை என்றது. செருகியிருக்கும் கார்டுகளைக் கேட்டார். மலிவுக் கார்டு இருக்கிறது என்றது. ஆக, உடம்பு இருக்கிறது, அசைக்க ஆளில்லை. டிரைவரை ஏற்றச் சொன்னார். அப்படி ஒன்று இல்லை என்றது. எந்தக் கர்னல் ஓடுகிறது என்று கேட்டபோது வந்த எண்ணைப் பார்த்ததும் அவர் விரல்கள் நின்றன. புதியது. டிரைவர் பழைய கர்னலின் டைரக்டரிக்குள் அதன் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தது.

புதிய கர்னலை யார் போட்டார்கள் என்று பதிவைத் திறந்தார். நாற்பத்தொரு நாளுக்கு முன், காலை பதினொன்று இருபது. போட்டவரின் லாகின் பெயர் அவருடையது.

அப்போதுதான் எல்லாம் நினைவுக்கு வந்தது. அன்று ஏழு நிலையங்களுக்கும் சேர்த்துப் புதிய கர்னலை இறக்கினார். ஆறு நிலையங்களை நிறுத்தி எழுப்பிவிட்டு ஏழுக்குப் போன் போட்டார். எடுத்தது ஓர் ஆண் குரல், மாற்றாள். "அக்கா லீவுங்க. என்ன பண்ணணும்னு சொல்லுங்க, நான் பண்றேன்." பிங் ஒரு கணம் யோசித்து, "பரவாயில்லை, அவங்க வந்ததும் பாத்துக்கலாம்" என்று வைத்துவிட்டார். ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டருக்கு அடியில் கர்னலை மாற்றி வைத்தாலும், நிறுத்தாத வரை அது பழையதோடேயே ஓடும். அடுத்த வாரம் அவருக்குக் காய்ச்சல். திரும்பி வந்தபோது ஏழு ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. மறந்துபோனார். நாற்பத்தொரு நாளும் அது ஒழுங்காகத்தான் ஓடியது. யார் எப்போது நிறுத்தினாலும் அடுத்த நிமிஷம் ஊமையாகிவிடும் என்பதைத் தவிர அதற்கு ஒரு குறையும் இல்லை. அவர் கற்றுக்கொடுத்தபடியே, எழுதி வைத்த வரிசையிலேயே, அந்த அம்மா நிறுத்தினார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

"என்ன சார், அப்படியே நின்னுட்டீங்க?"

"கொஞ்சம் தண்ணி வேணும்."

ஆபரேட்டரம்மா கொண்டுவந்த தண்ணீரைக் குடிக்கும் நேரத்துக்குள் பிங் ஒரு பொய்யைக் கட்டி முடித்திருந்தார். கார்டு கெட்டுப்போச்சு என்று எழுதலாம். மலிவுக் கார்டு, ஆறு வருஷம் உழைத்ததே பெரிது. இந்தப் பதிவைப் படிக்க அலுவலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. யாருக்கும் வலிக்காத பொய். ஆனால் டம்ளரைக் கீழே வைக்கும்போதே அதன் ஓட்டை தெரிந்தது. நிறுத்தும் வரை ஓடிய கார்டு, நிறுத்தி எழுப்பியதும் செத்ததென்றால், பொறியாளர் என்ன சொல்வார்? கண்டபடி ஆஃப் பண்ணிக் கெடுத்துவிட்டாள் என்பார். அந்த அம்மாவின் கை சுத்தம் என்று காட்ட, வேறு யாருடைய கை என்று சொல்லியே ஆக வேண்டும். நல்லவனாக இருக்க வேண்டும் என்ற பெரிய எண்ணமெல்லாம் அவருக்கு அப்போது இல்லை. கணக்கு அப்படித்தான் முடிந்தது.

கம்ப்யூட்டரை நிறுத்தி, எழும்போது வரும் பட்டியலில் பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்தார். கார்டு உடனே உயிர் பெற்றது. சந்தேகத்துக்கு இருந்த கடைசி இடமும் போயிற்று.

"வந்திடுச்சா?" என்றார் ஆபரேட்டரம்மா.

"வந்திடுச்சு. நீங்க ஒண்ணும் பண்ணலை. தப்பு என்னோடது." பிங் திரையைப் பார்த்தபடியே முழுவதையும் சொன்னார். மாற்றாள் போனை எடுத்ததையும் சொன்னார்.

ஆபரேட்டரம்மா ஆணியில் மாட்டிய நோட்டைக் கையில் எடுத்தார்.

"நேத்து ராத்திரி பூராத் தூங்கலை சார். எதையோ தொட்டுட்டேன், எந்தப் பட்டனையோ மாத்தி அமுக்கிட்டேன்னு நோட்டை எடுத்து எடுத்துப் பாக்கறேன். என் பொண்ணே கேக்கறா, 'நீ என்னம்மா பண்ணித் தொலைச்சே'ன்னு." குரல் உயரவில்லை. "அந்த ஆளும் நல்லாத்தானே பண்ணுவான். அவனை வச்சே முடிச்சிருக்கலாமே?"

"உங்களுக்குத்தான் பழக்கம்னு..."

"அவனுக்கும் எழுத்துக்கூட்டத் தெரியும் சார்."

பிங் சுவர்ப் போனை எடுத்துப் பொறியாளரைக் கூப்பிட்டார். ஆபரேட்டரம்மா வெளியே போகவில்லை. வாசலை அடைத்தபடி கேட்டுக்கொண்டு நின்றார்.

"என்னய்யா சொல்றே?" பொறியாளரின் குரல் அறைக்கே கேட்டது. "உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கிறியா?"

"நடந்ததைச் சொல்றேன் சார். கர்னல் போட்டது நான். டிரைவரை விட்டதும் நான். பதிவுல நேரத்தோட இருக்கு. அவங்க சொல்லிக்கொடுத்தபடிதான் நிறுத்தியிருக்காங்க."

"அந்த டிரைவர் எழவைத் தானா நடக்கிற மாதிரி வைக்க முடியாதா?"

"முடியும் சார்."

"பின்ன ஏன் வைக்கலை?"

ஒயர் குட்டையாக இருந்ததால் பிங் சுவரோடு ஒட்டிக் குனிந்து நின்றார். நேரமில்லை என்று சொல்லலாம். தோன்றவில்லை என்று சொல்லலாம். இரண்டையும் பொறியாளர் நம்புவார்.

"வச்சிருக்கலாம். வைக்கலை."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் சார்."

மறுமுனையில் பெருமூச்சு. "எழுத்துல கொடு. அந்தம்மா பேரை எடுத்துடறேன், லிஸ்ட்ல அப்படியே இருக்கட்டும். உனக்கு மெமோ வரும், தயாரா இரு. இன்னிக்கே அதைத் தானா நடக்க வச்சிட்டு வா. இனிமே எந்த நிலையத்துக்கும் போன் போட்டு ஆளை நிக்க வைக்கிற வேலை வேணாம்."

போனை வைத்தபோது ஆபரேட்டரம்மா சுவரில் சாய்ந்திருந்தார். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, சாவிக்கொத்தை மட்டும் ஒருமுறை இறுக்கிப் பிடித்து விட்டார். "எடுத்துடறேன்னாரா?"

"எடுத்துட்டார்."

"நீங்க சொன்னதை எழுதியே கொடுத்துடுங்க சார், பேச்சு மாறிடும்."

பிங் அங்கேயே, நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதினார். ஆபரேட்டரம்மா வாங்கி, உதடு அசைய இரண்டு தடவை படித்தார். 'செய்திருக்கலாம், செய்யவில்லை' என்ற வரியில் அவர் விரல் கொஞ்சம் நின்றது. பிறகு தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

பத்து நிமிஷ வேலைதான். டிரைவரைப் பதிந்து வைத்தார். இரண்டு கர்னலுக்கும் அது தானே கம்பைல் பண்ணிக்கொண்டது. வரிகள் ஓடி முடியும் வரை இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆறு வருஷத்தில் முதல் முறையாக ஒரே அறையில் நின்று அதைப் பார்த்தார்கள்.

"இனிமே நான் இது பக்கத்துல நிக்க வேணாமா?"

"வேணாம். கர்னல் மாறினாக்கூட அதுவே பாத்துக்கும்."

"நல்லதாப் போச்சு சார்." ஆபரேட்டரம்மா உண்மையாகவே நிம்மதிப்பட்டார். "போன் ஒயர் எட்டாது, உக்கார முடியாது. அரைமணி நேரம் நின்னா முட்டி விட்டுப்போயிடும். நீங்களும் பேசவே மாட்டீங்களா, சும்மா எப்படி நிக்கிறதுன்னு நான்தான் வாய்க்கு வந்ததைப் பேசிட்டு நிப்பேன்."

பிங் தலையாட்டினார்.

"ஒண்ணாம் பம்பைப் பாத்துட்டு வந்துடறேன்" என்று ஆபரேட்டரம்மா போனார்.

பிங் கம்ப்யூட்டரை நிறுத்திப் புதிய கர்னலில் எழுப்பினார். யாரும் திரையைப் படித்துச் சொல்லாமலே கார்டு எழுந்தது. திரையறைக்குப் போன் போட்டார். "ஏழு வந்திடுச்சு அண்ணா" என்றாள் அங்கே இருந்த பெண். "அறுபத்தஞ்சு காட்டுது. வேற ஏதாவது பாக்கணுமா?"

"இல்லைம்மா. வேற ஒண்ணும் இல்லை."

எழுதிய தாளைப் பைக்குள் வைத்துக்கொண்டு பம்பு அறை வாசலுக்குப் போனார். உள்ளே சத்தம் காதை அடைத்தது. ஆபரேட்டரம்மா ஒரு நீண்ட திருப்புளியின் முனையைப் பேரிங் மேல் வைத்து, அதன் கைப்பிடியில் காதைப் பொருத்தி, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பேரிங் உள்ளே எப்படி இருக்கிறது என்று அப்படித்தான் கண்டுபிடிப்பார்களாம். போனில் ஒருமுறை சொன்னது. பார்ப்பது இதுதான் முதல் முறை. இரும்பு சொல்வதை இவ்வளவு கவனமாக ஒருவர் கேட்க முடியும் என்பது அவருக்கு வியப்பாக இருந்தது.

"வர்றேம்மா" என்றார். தன் குரல் தனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்லவில்லை. கையை உயர்த்தி, அந்தக் கண்கள் திறக்கின்றனவா என்று கொஞ்ச நேரம் பார்த்தார். ஆபரேட்டரம்மா திருப்புளியை அடுத்த பேரிங்குக்கு நகர்த்தி, மறுபடி காதை வைத்தார்.

பிங் கையை இறக்கிக்கொண்டு கரைமேல் ஏறி நடந்தார். பஸ்ஸுக்கு இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது.